பச்சமண்ணுக்கு எல்லாம் தெரியும்

(தர்மபுரி மாவட்டத்தில் 33 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நர்சம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகன் பிறந்து இன்றோடு 26 நாள். மடியில் வைத்துப் பேசினால் என் கண்ணைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலேயே பார்க்கிறான். இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்க்கிறான், டியூப் லைட்டைப் பார்க்கிறான். "நாப்பது நாள் ஆனாத்தான் கண்ணு தெரியும், அது பச்சமண்ணு, அதுகிட்ட என்ன பேச்சு" என்கிறார் மாமியார். அவனுக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: தெரியும் கண்ணு. அவன் பார்ப்பதும் உன்னைத்தான்.

பிறந்த குழந்தைக்குப் பார்வை இருக்கிறது. ஆனால் கிட்டத்தில் மட்டும்தான் ஓரளவு துலங்கும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், அதாவது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என்று வைத்துக்கொள். மார்பில் போட்டுப் பால் கொடுக்கும்போது உன் முகம் அவன் முகத்திலிருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கும். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். கருப்பும் வெள்ளையும் சேரும் இடம், வெளிச்சமும் நிழலும் பிரியும் ஓரம், இவைதான் முதல் இரண்டு மாதம் அவன் கண்ணை இழுக்கும். உன் முகத்தில் அப்படிப்பட்ட இடம் எது? கருப்பு முடியும் நெற்றியும் சேரும் கோடு. அதனால்தான் மேலே பார்க்கிறான். ஜன்னல் கம்பியும் டியூப் லைட்டும் அதே கணக்குத்தான். இரண்டு மாதத்தை ஒட்டிப் பார்வை கீழே இறங்கி உன் கண்ணில் வந்து நிற்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் உன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். அதுவரை தூக்கத்தில் உதடு விரிவது வேறு. அதைச் "சாமி சிரிப்புக் காட்டுது" என்று நம் ஊரில் சொல்வோம்.

கண்ணை விடு, காதைக் கேள். காது வயிற்றிலேயே திறந்துவிட்டது. ஆறு, ஏழு மாதக் கர்ப்பத்திலேயே அவன் உன் குரலைக் கேட்க ஆரம்பித்திருப்பான். 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் சப்பும் முறையை மாற்றி மாற்றி அம்மாவின் குரலை வரவழைத்தன. மூக்கும் அப்படியே. ஒரு வாரக் குழந்தையின் இரண்டு பக்கமும் பால் நனைந்த துணிகளை வைத்தால் தன் அம்மாவின் துணி இருக்கும் பக்கம் தலையைத் திருப்பும்.

நான் 1986-இல் பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மழை இரவு, கரண்டு இல்லை, அரிக்கேன் விளக்கில் பிரசவம். குழந்தை வீறிட்டு அழுதது. துடைத்துத் துணியில் சுற்றினேன், தட்டினேன், நிற்கவில்லை. அந்தப் பெண் கட்டிலில் கிடந்தபடியே "ஏன்டா சாமி" என்றாள், அவ்வளவுதான். அழுகை பாதியில் நின்று, தலை அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் "அதுக்கு என்ன தெரியும்" என்று நான் சொன்னதில்லை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அவர் கையில் குழந்தையைக் கொடுத்து, முகத்துக்கு நேராக ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசச் சொல். குழந்தை கை காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்கும். அதைப் பார்த்தால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: பெண் குழந்தை, பிறந்து ஐந்து நாள். மார்பு வீங்கியிருக்கிறது, ஒரு சொட்டுப் பால்கூட வந்தது. நேற்றுத் துணியில் லேசாக ரத்தம். பயமாக இருக்கிறது.
– வாசகி, காரிமங்கலம்

பதில்: பயப்படாதே. வயிற்றில் இருந்தபோது உன் உடம்பிலிருந்து போன ஹார்மோன்கள் இப்போது அவள் உடம்பில் வடிகின்றன, அதனால் வருவது. முதல் வாரத்தில் இப்படிச் சிறிது ரத்தம் பட்டுத் தானே நின்றுவிடும். மார்பு வீக்கம் சில வாரத்தில் வற்றும். யார் சொன்னாலும் மார்பைப் பிதுக்க விடாதே, பிதுக்கினால் சீழ் வைத்துவிடும். தொப்புளிலோ வேறு இடத்திலோ ரத்தம் வந்தால், அல்லது துணி நனையும் அளவுக்கு வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போ.

கேள்வி: நான் நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள். பேத்திக்கு வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டினால்தான் எனக்குத் திருப்தி. மருமகள் செல்போனைப் பார்த்துவிட்டு எதுவும் கூடாது என்கிறாள். தெருவில் கழுதைப்பால்காரர் வருகிறார், ஒரு சங்கு வாங்கி ஊற்றலாமா? வசம்பும் தேனும் நாக்கில் தடவலாமா?
– ஒரு பாட்டி, பென்னாகரம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கைக்கு முதலில் ஒரு கும்பிடு. எண்ணெய் தேய்ப்பதை யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். 1986-இல் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், பத்து நாள் மெதுவாகத் தடவிவிடச் செய்தார். தடவாத குழந்தைகளைவிட அவை நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறின. நம் பாட்டிகள் சும்மாவா காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள்! உங்கள் உள்ளங்கைச் சூடும், தேய்க்கும்போது நீங்கள் சொல்லும் சின்னச் சின்னப் பேச்சும் குழந்தையின் மூளைக்குள் போகிறது.

ஆனால் மூக்கில், காதில், கண்ணில் எண்ணெய் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டால் நிமோனியா மாதிரி ஆகிவிடும், மருந்துக்கு எளிதில் அடங்காது. தண்ணீர் ஊற்றியதும் மூக்கைப் பிடித்து ஊதுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, தலையை உருட்டி உருவாக்குவது, இவையும் வேண்டாம். பிரசவத்தில் நீண்ட தலை தானாகவே உருண்டைக்கு வந்துவிடும். உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்துப் பயந்து எண்ணெய் வைத்து அழுத்த வேண்டியதில்லை. அது ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும். மூளை வேகமாக வளர இடம் விட்டுத்தான் அங்கே எலும்பு சேராமல் இருக்கிறது. சாம்பிராணிப் புகையைத் துணிக்குக் காட்டுங்கள், குழந்தைக்கு வேண்டாம்.

கழுதைப்பாலைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். காய்ச்சாத பால், தெருவில் கறந்தது, யார் கை பட்டதோ. அதில் மஞ்சள் காமாலையும் தீராது, சளியும் தீராது. வயிற்றுப்போக்கு வந்து, உச்சிக்குழி பள்ளம் விழுந்து, கண் சொருகின குழந்தைகளை நான் ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் விஷம் உண்டாக்கி, தசைகளைத் துவளச் செய்துவிடும். வசம்பை உரைத்து ஊற்றவும் வேண்டாம், கையில் கட்டினால் அதையும் சப்பும். கண்ணுக்குள் மை வேண்டாம். கண்ணேறு கழிய வேண்டுமென்றால் பாதத்தில் ஒரு பொட்டு வையுங்கள்.

இன்னொன்று, உங்களைப் போன்ற கைதான் இதை முதலில் கண்டுபிடிக்கும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத சோர்வு, நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சு இழுப்பது, வயிறும் பாதமும் சில்லென்று ஆவது அல்லது காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இதில் ஒன்றைக் கண்டாலும் மந்திரிக்கப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான் தமிழ், கணவர் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டு அஜ்ஜி கன்னடம். அவர்தான் பகலில் பாதி நேரம் பாப்பாவை வைத்திருப்பார். மூன்று பாஷையில் பேசினால் குழந்தை குழம்பிப்போய் பேச்சு தாமதமாகும் என்கிறார்கள். ஒன்றை மட்டும் பேசட்டுமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: ஒன்றையும் நிறுத்தாதே. தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று பாஷையில் வளராத குழந்தை எத்தனை? எல்லாம் பேசித்தானே வளர்ந்தது.

பிறந்த நாலே நாளில் குழந்தை பாஷையின் தாளத்தைப் பிரித்தறிகிறது. 1988-இல் பாரிசில் மெலேர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் நாலு நாள் குழந்தைகளுக்குப் பிரெஞ்சும் ரஷ்யமும் கேட்கவைத்தார்கள். பேச்சு மாறியதும் குழந்தை சப்பும் வேகம் மாறியது. 2010-இல் கனடாவில், கர்ப்பத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் டகாலோக்கும் பேசிய தாய்மாரின் பச்சைக்குழந்தைகளைப் பார்த்தார்கள். இரண்டு பாஷையையும் விரும்பிக் கேட்டன, இரண்டையும் வேறு வேறு என்றும் பிரித்தன. குழம்பவில்லை.

நீ ஆராரோ பாடு, அஜ்ஜி ஜோஜோ சொல்லட்டும், கணவர் வீட்டு அவ்வா லாலி பாடட்டும். யாரும் பேசாமல் டிவியை மட்டும் ஓடவிட்டால்தான் கெடுதல். டிவி குழந்தையின் "ங்கா"வுக்குப் பதில் "ங்கா" சொல்லாது. மனிதர் சொல்வார். அந்தப் பதிலுக்குப் பதில்தான் பேச்சின் விதை.

ஒன்றை மட்டும் கவனி. பாஷை எத்தனை ஆனாலும் காது கேட்க வேண்டும். தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறாளா? மூன்று, நாலு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்ப முயல்கிறாளா? இல்லையென்றால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டுவது நம் பக்கம் வழக்கம். சொந்தத்தில் திருமணம் ஆன வீட்டில் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனையிலேயே பச்சைக்குழந்தைக்குக் காதைச் சோதிக்கும் கருவி உண்டு, குழந்தை தூங்கும்போதே பார்த்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துக் கருவி பொருத்தினால் பேச்சு வந்துவிடும்.

கேள்வி: நான் பெங்களூரில் கட்டட வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவேன். மகளுக்கு இரண்டு மாதம். வீடியோ காலில் கூப்பிட்டால் வேறெங்கோ பார்க்கிறாள். என்னை அவள் அப்பா என்று அறிவாளா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: தம்பி, வீடியோவில் உன் முகம் அவளுக்கு ஆடுகிற வெளிச்சம். அதை மனதில் வைக்காதே. குரலை மட்டும் கேட்கவிடு. ஒரே நேரம், இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள். ஒரே மாதிரி கூப்பிடு. நீ என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாயோ அதையே சொல்லு. போனை அவள் கண் முன்னால் பிடிக்காமல், கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்.

பிறந்தபோது அவளுக்குப் பிரியம் அம்மா குரல் மேல்தான். அப்பா குரல் வயிற்றுக்குள் அவ்வளவாகப் போய்ச் சேராது. இது உன் குறை இல்லை. வீட்டுக்கு வந்ததும் சிமெண்டு போகக் குளித்துவிட்டு, சட்டையைக் கழற்றி, அவளை டயப்பரோடு மட்டும் உன் வெற்று நெஞ்சில் ஒரு மணி நேரம் போட்டுக்கொள். மேலே ஒரு துண்டு. உன் நெஞ்சுத் துடிப்பு, வாசனை, சூடு எல்லாம் அவளிடம் பதியும். ஊர்க்காரர்கள் "ஆம்பள இப்படி உட்கார்ந்திருக்கான்" என்றால் சொல்லட்டும்.

ஏழு, எட்டு மாதம் ஆகும்போது உன்னைக் கண்டு அழக்கூடும். அப்போது மனசு உடைந்துவிடாதே, பலவந்தமாகப் பிடுங்கித் தூக்காதே. தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரிக்கும் அறிவு வந்த அடையாளம் அது. அம்மா மடியில் அவள் இருக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. அரை மணியில் கை நீட்டுவாள்.

கேள்வி: என் மகன் 32 வாரத்தில், 1 கிலோ 600 கிராமில் பிறந்தான். இப்போது நாலு மாதம். இன்னும் தலை நிற்கவில்லை. அவன் பிறந்த வாரமே பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை தலை நின்று சத்தமாகச் சிரிக்கிறது.
– வாசகி, அரூர்

பதில்: அவன் எட்டு வாரம் முன்னால் வந்தவன் அம்மாடி. அந்த எட்டு வாரத்தைக் கழி. அவனுக்கு வளர்ச்சிக் கணக்கில் இரண்டு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படியே கழித்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதே, பிறந்த தேதியில் இருந்தே போடு.

கழித்துப் பார்த்தும் நாலு, ஐந்து மாதம் ஆகும்போது தலை நிற்காவிட்டால், அல்லது கை எப்போதும் இறுக மூடியே இருந்தால், கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னினால் உடனே மாவட்ட மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக் குறைகளுக்கு ஆரம்பத்திலேயே சிகிச்சை தரும் இடையீட்டு மையத்தில் காட்டு. நடுவில் ஒன்று: கண் பரிசோதனை ஆயிற்றா? 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள்ளேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும். உன் டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லையென்றால் இந்த வாரமே போ. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் பெரியவர்கள் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை (தலையைத் தூக்கி ஆடுவது), ஒன்பதாம் மாதம் சப்பாணி (கை கொட்டுவது) என்று வைத்தார்கள். ஆனால் எல்லாக் குழந்தையும் ஒரே தேதியில் செய்யாது. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட கணக்கில், தானாக உட்காருவது ஏறத்தாழ நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை. தனியே நடப்பது எட்டிலிருந்து பதினேழரை மாதம் வரை. சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிட்டன.

கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாயா? கொலம்பியா நாட்டின் பொகோடாவில், 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் பிறந்த வழி அது. இன்று உலகம் முழுவதும் எடை குறைந்த குழந்தைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். இப்போது அவன் எடை ஏறியிருப்பான். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, எதிரே நீயும் குப்புறப் படுத்து, அவன் கண் மட்டத்தில் முகத்தைக் காட்டு. இரண்டு நிமிடத்தில் தொடங்கு. தூங்கும்போது மட்டும் மல்லாக்க.

கேள்வி: எனக்கு மூன்றாவதும் பெண். பிறந்து ஐந்து வாரம். கணவர் வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. இன்னும் பேர்கூட வைக்கவில்லை. பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவே தோன்றவில்லை. இரவில் தூக்கமில்லை, சும்மா அழுகை வருகிறது. நான் கெட்ட அம்மாவா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இல்லை. நீ நோயில் இருக்கும் அம்மா. பிரசவத்துக்குப் பின் முதல் பத்து, பதினைந்து நாள் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானே போய்விடும். ஐந்து வாரமாக நீளும் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை, இது மனச்சோர்வு. மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளை மருத்துவர் தருவார். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தால்கூட, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே கூப்பிடு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்.

நம் மாவட்டங்களில் பெண் குழந்தை பிறந்த வீட்டின் மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரியோடுதான் இருந்தது. அந்தத் தொட்டில் ஏன் வைக்க வேண்டியிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பிறந்தது பெண் என்று நான் சொன்னதும் வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போன வீடுகள் உண்டு. அடுத்த வாரம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லித் தினமும் அந்த வீட்டுக்குப் போவேன். எடை பார்க்கிறேன் என்பேன், தொப்புள் பார்க்கிறேன் என்பேன். ஆணா பெண்ணா என்று நிர்ணயிப்பது ஆணின் அணு. உன் வீட்டாருக்கு இதை உன் கிராம சுகாதார செவிலியர் சொல்லட்டும். நீ சொல்ல வேண்டாம், உனக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மாரைக் குழந்தையோடு கொஞ்சச் சொல்லி, பிறகு இரண்டு, மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்க்கச் சொன்னார். சில மாதக் குழந்தைகள்தான். முதலில் சிரித்துக் கூப்பிட்டுப் பார்த்தன, கையை நீட்டின, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன, துவண்டன. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அம்மா மறுபடி சிரித்ததும் குழந்தைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. விட்டுப்போனதை மறுபடி ஒட்டவைக்க முடியும், அதற்குக் காலம் கடந்துவிடவில்லை. உன் குழந்தைக்கு ஐந்து வாரம்தான். அவள் பார்த்துச் சிரிக்கும் காலமே இனிமேல்தான் வரப்போகிறது.

நாளுக்கு ஒரே ஒரு வேளை, குளிப்பாட்டித் துடைக்கும்போது, ஐந்து நிமிடம் அவள் முகத்துக்கு நேரே உன் முகத்தை வை. பேச்சு வராவிட்டால் என்ன செய்கிறாய் என்பதைச் சொல்லிக்கொண்டே செய்: "கையைத் துடைக்கிறேன், காலைத் துடைக்கிறேன்." பாசம் பொங்க வேண்டும் என்று காத்திருக்காதே. மீதி நேரத்துக்கு உன் மூத்த பெண்களைக் கூப்பிடு, அவர்கள் கொஞ்சட்டும். குழந்தைக்கு அதுவும் முகம்தான், அதுவும் குரல்தான். உன் அம்மா வீடு கிட்டத்தில் இருந்தால் ஒரு மாதம் போய் இரு. இரவில் ஒரு நாலு மணி நேரம் யாராவது குழந்தையை வைத்துக்கொண்டு உன்னைத் தூங்கவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆறாவது வாரத் தடுப்பூசியையும் கேட்டுவிட்டு வா. பேர் நீயே வை, யார் வாயையும் எதிர்பார்க்காதே. வைத்ததும் என்ன பேர் என்று எனக்கு எழுது.